பழைய ரோச்சை எல்.ஈ.டி.க்கு மாற்றுகிறவர்கள் விடும் பிழைகள்

வீட்டில் பழைய தகரமோ பித்தளையோ போட்ட ரோச் ஒன்று கிடந்தால் தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரவே விடவில்லை, இறங்கின பற்றரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுப் பாவித்த சனம் நாங்கள், அந்தக் காலத்து ரோச்சுகள் எத்தனையோ அலுமாரிகளின் மேல் இன்னும் இருக்கின்றன. உடம்பு நல்ல உடம்பு. உள்ளே எல்.ஈ.டி. போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் மாற்ற வெளிக்கிடுகிற பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள், ஏனென்றால் எல்.ஈ.டி.யை இன்னொரு பல்ப் என்றே நினைக்கிறார்கள்.

பழைய பல்ப்புக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள். சூடு ஏற ஏற அதன் தடை கூடும், அதனால் கரண்டை அது தானே ஒரு அளவில் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்.ஈ.டி. அப்படியில்லை. வெள்ளை எல்.ஈ.டி. ஏறக்குறைய 3 வோல்ற்றில் எரியத் தொடங்கும், அதற்குமேல் கொஞ்சம் கூட்டினாலே கரண்ட் பல மடங்கு பாயும், சூடானால் அதே வோல்ற்றுக்கு இன்னும் கூட இழுக்கும். ஆகவே நீங்கள் கட்டுப்படுத்த வேண்டியது வோல்ற்றை அல்ல, கரண்டை. இது ஒன்று மனதில் பதிந்தால் பாதிப் பிழைகள் வராது.

இரண்டு பற்றரி ரோச்சில் எல்.ஈ.டி.யை நேரடியாகத் தொடுத்துப் பார்த்துவிட்டு "எரியுதுதானே" என்று மூடிவிடுவார்கள். புதுப் பற்றரி இரண்டும் சேர்ந்து 3 வோல்ற், அதனால் முதலில் நன்றாகத்தான் எரியும். பற்றரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்றுக்கு இறங்கியதும் மொத்தம் 2.4, வெள்ளை எல்.ஈ.டி. அந்த இடத்தில் படுத்துவிடும். உள்ளே இன்னும் வலு மிச்சம் இருக்கிற பற்றரியை எறிந்து காசை வீணாக்குவீர்கள். இதற்கு வோல்ற்றை உயர்த்தித் தருகிற சின்ன சேர்க்கிட் ஒன்று தேவை. ஒரு பற்றரி ரோச்சுக்கு அது இல்லாமல் முடியவே முடியாது.

மூன்று பற்றரி என்றால் கரண்டை மட்டுப்படுத்தும் தடையி ஒன்று போதும். 4.5 வோல்ற்றில் எல்.ஈ.டி.க்கு 3.1 போக மிச்சம் 1.4, ஒரு வாற் எல்.ஈ.டி.க்கு 350 மில்லி அம்பியர் வேண்டும், வகுத்தால் 4 ஓம், கடையில் 3.9 ஓம் என்று கேளுங்கள். இங்கேதான் அடுத்த பிழை: கையில் இருக்கிற கால் வாற் தடையியைப் போடுவது. அதில் அரை வாற் அளவு சூடு வரும், கால் வாற் தாங்காது, கருகும். ஒரு வாற் தடையியே போடுங்கள்.

18650 என்கிற, திரும்பச் சார்ஜ் பண்ணக்கூடிய உருளை லிதியம் பற்றரி போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ற், எல்.ஈ.டி.யை நேரடியாகத் தொடுக்கவே கூடாது. 7135 என்ற சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது, அது 350 மில்லி அம்பியரில் கரண்டைப் பிடித்து நிற்கும், அதைப் போடுங்கள். பெரிய பற்றரி இரண்டு இருந்த இடத்தில் 18650 இரண்டைத் தொடராக நுழைத்தால் 8.4 வோல்ற், அது எல்லாவற்றையும் எரித்துவிடும். ஒன்று போதும், மிச்ச இடத்துக்கு உலோகத் துண்டு ஒன்று வையுங்கள். பாதுகாப்புச் சேர்க்கிட் இல்லாத பற்றரி வேண்டாம். மேலே 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்ததை நம்பவும் வேண்டாம், அந்தப் பருமனில் அவ்வளவு கொள்ளாது. பழைய லப்ரொப்பில் இருந்து கழற்றிய பற்றரியில் ஊதலோ நசுங்கலோ இருந்தால் தொடாதீர்கள்.

சூட்டுக்கு வருவோம், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பழைய பல்ப் தன் சூட்டைப் பெரும்பாலும் வெளிச்சத்தோடு முன்பக்கமாகவே வீசிவிடும். எல்.ஈ.டி.யின் சூடு பின்பக்கத்தால்தான் இறங்கும், இறங்க உலோகம் வேண்டும். பிளாஸ்ரிக் ரோச்சுக்குள் 3 வாற் எல்.ஈ.டி.யை வெறும் பசையில் ஒட்டினால் அந்தச் சூடு போவதற்கு வழியில்லை. உலோக உடம்புள்ள ரோச்சை எடுத்து, ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி, சூடு கடத்தும் பசை பூசி, அதை உடம்பின் உலோகத்தோடு இறுக்கமாக முட்ட வையுங்கள். பத்து நிமிடம் எரியவிட்டுத் தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் நல்லது, சூடு வெளியே வருகிறது. வெளியே குளிர்ந்திருக்க வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டோ நீலம் பாய்ந்தோ போனால் உடனே நிறுத்துங்கள், உள்ளே வேகிறது.

வெளிச்சத்துக்கும் யோசனை வேண்டும். பல்ப்பைச் சுற்றி ஒளியை முன்னால் திருப்பிவிடும் பழைய கிண்ணம் நாலாபக்கமும் ஒளி விடும் கம்பிச்சுருளுக்காகச் செய்தது, எல்.ஈ.டி. முன்னால் மட்டும்தான் விடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே எரியவிட்டு, சுவரில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான ஆழத்தைக் கண்டுபிடியுங்கள். பாசையூர்ப் பக்கம் கடலில் தூரம் பார்க்கிறவருக்குக் குவிந்த ஒளி வேண்டும், இரவில் ஒழுங்கையால் நடக்கிறவருக்குக் காலடியில் பாம்பு தெரிய விரிந்த ஒளி வேண்டும், இரண்டும் ஒரே ரோச்சில் சரிவராது. என் விருப்பம் கொஞ்சம் மஞ்சள் கலந்த, 4000 கெல்வின் என்ற நிற அளவுள்ள வெளிச்சம், செம்மண்ணில் எதையும் நிறம் பிரித்துப் பார்க்க அதுதான் நல்லது. அப்புறம், கிண்ணத்தைச் சீலையால் துடைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். ஈயம் வைத்த முனை கிண்ணத்தில் முட்டினால் சோட் ஆகும், நடுவில் தடித்த காகித வளையம் ஒன்று வையுங்கள்.

நேர், எதிர் பார்க்காமல் தொடுக்கிறதும் நடக்கிறது, ஏனென்றால் பழைய பல்ப்புக்கு அது தேவைப்படவில்லை. மீற்றரால் ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் வெளிச்சம் மின்னி மின்னி வந்தால் எல்.ஈ.டி.யைக் குறை சொல்லாமல் சுவிச்சையும் வாலில் உள்ள ஸ்பிறிங்கையும் பாருங்கள். உப்புக் காற்றில் பித்தளை பச்சை பிடித்திருக்கும், மெல்லிய மண்தாளால் தேய்த்தால் போகும். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பற்றரியைப் போடுங்கள்.