ரவுட்டர்னா லேயர் 3, அவ்ளோதானா? ஓஎஸ்ஐல அடிக்கடி நடக்குற தப்புங்க

ஓஎஸ்ஐங்கறது நெட்வொர்க்ல நடக்குற வேலைய ஏழு லேயரா பிரிச்சுக் காட்டுற மாடல்: 1 கேபிள், சிக்னல், 2 மேக் அட்ரஸ், 3 ஐபி அட்ரஸ், 4 போர்ட் நம்பர், மேல 7ல ஆப்புங்க பேசிக்கிறது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் நெட்வொர்க் வேலைக்கு இன்டர்வியூ போற பசங்க ஹப் 1, ஸ்விட்ச் 2, ரவுட்டர் 3னு மூச்சு விடாம ஒப்பிக்கிறாங்க, ஆனா ரவுட்டருக்கு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் இன்டர்ஃபேஸோட ஹார்டுவேர் அட்ரஸ்) உண்டான்னு கேட்டா முழிக்கிறாங்க. உண்டுங்க, ஒவ்வொரு ஈதர்நெட் இன்டர்ஃபேஸுக்கும் உண்டு. ரவுட்டர் லேயர் 1ல இருந்து 3 வரைக்கும் எல்லா வேலையும் செய்யுது, வந்த ஃபிரேமைப் (லேயர் 2ல டேட்டா போற பொட்டலம்) பிரிச்சு, உள்ள இருக்க டெஸ்டினேஷன் ஐபியப் பாத்து, எந்தப் பக்கம் அனுப்பணும்னு முடிவு பண்ணி, டிடிஎல்ல (இன்னும் எத்தன ரவுட்டர் தாண்டலாம்ங்கற எண்ணிக்கை) ஒண்ணு குறைச்சு, புது மேக் அட்ரஸ் போட்டு மறுபடி ஃபிரேமாக்கி அனுப்புது. ஒவ்வொரு ஹாப்லயும், அதாவது ஒவ்வொரு ரவுட்டரத் தாண்டும்போதும், மேக் மாறும், ஐபி மாறாது (நடுவுல ஐபிய மாத்திப் போடுற நாட் இருந்தா மட்டும் மாறும்). இத ஒரு தடவ பேப்பர்ல வரைஞ்சு பாத்துடுங்க, ப்ளீஸ்.

அடுத்தது டப்பா மேல இருக்க பேர நம்புறது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வைஃபை ரவுட்டர்னு வாங்குற டப்பாக்குள்ள ரவுட்டர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தர்றது), டிஹெச்சிபி சர்வர் (சிஸ்டங்களுக்கு ஐபி அட்ரஸ் கொடுக்குறது) எல்லாம் சேந்தே இருக்கு. அதோட ரெண்டு லேன் போர்ட்ல ரெண்டு சிஸ்டம் மாட்டி ஃபைல் காப்பி பண்ணா, சாதாரணமா அது ஸ்விட்ச் வழியாவே லேயர் 2ல போயிடும், ரவுட்டிங்கே நடக்காது. அதனால எந்த டிவைஸ்னு கேக்காதீங்க, எதப் பாத்து முடிவு எடுக்குதுன்னு கேளுங்க. ஃபயர்வாலும் அப்படித்தான், போர்ட் நம்பர் (எந்த சர்வீஸுக்குன்னு காட்டுற எண்) பாத்து தடுத்தா லேயர் 4, யூஆர்எல் பாத்து தடுத்தா லேயர் 7.

நெட்வொர்க் கார்டு வெறும் லேயர் 1னு எழுதுறதும் தப்பு, மேக் அட்ரஸ் பாக்குறதும் ஃபிரேம் கெட்டுப்போச்சான்னு செக் பண்றதும் அதுதான், ஸோ 1ம் 2ம். ரேம், ஹார்ட் டிஸ்க்குக்கெல்லாம் லேயர் தேடாதீங்க, அது கிடையாது.

வேலைல ரொம்ப நேரத்த தின்னுறது இதுதான்: லிங்க் லைட் எரியுது, அப்போ நெட்வொர்க் ஓகேன்னு நினைக்கிறது. லைட் சொல்றது லிங்க் எழுந்துடுச்சுன்னு மட்டும்தான். ஐபி 169.254ல ஆரம்பிச்சா டிஹெச்சிபி கிட்ட இருந்து அட்ரஸ் வரலன்னு பாருங்க. 8.8.8.8க்கு (கூகுளோட சர்வர்) பிங் போகுது ஆனா எந்த சைட்டும் பேர் போட்டா தொறக்கலன்னா கேபிள மாத்திட்டு உக்காராதீங்க, சைட் பேர ஐபியா மாத்திக் கொடுக்குற டிஎன்எஸ் லேயர் 7, அதச் சோதிக்கிற என்எஸ்லுக்கப் கமாண்ட் அடிச்சுப் பாருங்க.