துணைவரின் சமநிலைப் பயிற்சிக்கு வீட்டில் உதவும் முறை

முதுமையாலோ, விழுந்து எழுந்த பின்னரோ கணவருக்கு அல்லது மனைவிக்கு நடை தள்ளாடும்போது, உடனே கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆயினும், பயிற்சி நேரம் முழுவதும் பிடித்துக்கொண்டே இருந்தால் பயன் குறைந்துவிடும். ஏனெனில், உடல் சற்றே சாய்ந்து தானாக நிமிரும்போதுதான் கணுக்காலும் இடுப்பும் சமநிலையைப் பழகுகின்றன. எந்தப் பயிற்சி ஏற்றது என்பதை முதலில் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்து மருத்துவர் அதற்கு வழிகாட்டுவார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சமையலறை மேடையின் முன்புறமே நல்ல இடம். கால்மிதியை அகற்றி, ஈரத்தைத் துடைத்து, பின்னால் உறுதியான நாற்காலி ஒன்றைப் போடுங்கள். வழுக்கும் காலுறையும் தொளதொளத்த செருப்பும் ஆகா. படுக்கையிலிருந்து எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால், ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகே தொடங்கட்டும்.

நீங்கள் அவருடைய பலவீனமான பக்கத்தில், அரையடி பின்னால் தள்ளி நின்று, ஒரு கையை அவர் இடுப்புக்கு அருகில் தொடாமல் வைத்திருங்கள். அக்குளைத் தூக்குவதும் கையை இழுப்பதும் தோள்மூட்டைப் பாதிக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இது மிகவும் ஆபத்து.

முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்கட்டும். அது எளிதான பின், ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் நகர்த்தியும், பிறகு ஒரு குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படியும் நிற்கலாம். ஒவ்வொன்றிலும் 10 விநாடி நிலைத்து நின்ற பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். முகத்தைவிடப் பாதங்களைக் கவனிப்பது நல்லது: விரல்கள் தரையைக் கவ்வி, புறங்காலில் நரம்புபோல் தசைநாண்கள் புடைத்தால், அவர் தம் எல்லையை நெருங்கிவிட்டார். விநாடிகளை அவரே உரக்க எண்ணினால் மூச்சை அடக்கமாட்டார்.

கூன் விழுந்தால் "நிமிருங்கள்" என்று அடிக்கடி கண்டிப்பதால் மனம்தான் நோகும். "எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்" என்றால் தலை தானாக உயரும்.

அவர் சரிந்தால் முழு எடையையும் தாங்க முயலாமல், இடுப்பை அணைத்து நாற்காலியில் அமர்த்துங்கள். முடியாவிட்டால் உங்கள் முழங்காலை மடக்கி மெல்லத் தரையில் இறக்குங்கள். நெஞ்சுவலி, திடீரெனப் பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவை தென்பட்டால் உடனே அவசர மருத்துவ வண்டிக்கு 995-ஐ அழையுங்கள்.