வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி: மண்டபம் கரையிலிருந்து

வேலையில் அடிபட்டவரின் வீட்டுக்கு முதலாளி ஆளனுப்பி, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று பணம் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு முத்திரைத்தாள் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், கைரேகையும் வைக்காதீர்கள். கைச்செலவுக்குத் தரும் பணம் வேறு, சட்டப்படி வர வேண்டிய இழப்பீடு வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பவைத்து எங்கள் கரையில் எத்தனையோ குடும்பங்களின் வாயை அடைத்துவிட்டார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் என் கணவர் வேலை பார்த்தார். 2022-இல் ஐஸ் உடைக்கும் இயந்திரம் அவருடைய வலது கைக் கட்டைவிரலை அடியோடு எடுத்துவிட்டது. முதலாளி தரப்பு 40,000 ரூபாயும் ஒரு தாளும் கொண்டுவந்தது. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. பின்னால் உத்தரவில் வந்த தொகை எவ்வளவு என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறேன். அதன் பிறகு வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் என்று பல ஊர்ப் பெண்கள் என்னிடம் வழி கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வீட்டார் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது “எப்படி அடிபட்டது?” என்று கேட்பார்கள். கம்பெனி ஆள் முந்திக்கொண்டு “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்தே பின்னால் உங்கள் மனுவை எதிர்ப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த இயந்திரம், எத்தனை மணி, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை நீங்களே சொல்லி எழுதச் செய்யுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு அனுப்பினால் இரண்டு இடத்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மருந்துக் கடை ரசீது, வேன் வாடகைச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளியிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: மருத்துவச் செலவுக்கென்று முதலாளி கொடுத்ததை இழப்பீட்டுத் தொகையில் கழிக்க முடியாது. என் கணவர் வழக்கில் இதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கழிக்கப் பார்த்தார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை எடுத்துப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

அடுத்தது சாட்சி. ஐஸ் கம்பெனிகளிலும் இறால் கம்பெனிகளிலும் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் நிறைய வேலை பார்க்கிறார்கள். ஒரு மாதத்தில் ஊர் மாறிவிடுவார்கள். அன்றைக்கே அவர்களுடைய பெயரையும் கைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். இயந்திரத்தைப் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், மறுநாளே அதற்குப் புதிதாகத் தடுப்புக் கம்பி போட்டுவிடுவார்கள். சம்பளத்துக்கு ரசீது கிடையாது என்பது எங்கள் பக்கத்தில் பெரிய தொல்லை. வங்கிக் கணக்கில் வந்த தொகை, கைபேசியில் வந்த பணக் குறுஞ்செய்தி, மேஸ்திரியின் நோட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் படம், எல்லாமே உதவும். அதோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதை வாங்குங்கள்.

பிறகு முதலாளிக்கு ஒரு கடிதம். பெயர், விபத்து நடந்த நாள், இடம், எப்படி நடந்தது என்று அரைப் பக்கம் போதும். ஒப்புகை வரும்படி அஞ்சலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கொடுத்தால் வாங்கவே இல்லை என்பார்கள்.

“அவன் கவனமில்லாமல் கை வைத்தான், நாங்கள் என்ன செய்வது?” என்ற பேச்சைக் கேட்டு நெஞ்சு உடைய வேண்டாம். தவறு யாருடையது என்ற கேள்வியே இங்கு எழாது. வேலையினால், வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் முதலாளி பொறுப்பு. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவைதான் அவர்கள் சொல்லக்கூடிய விலக்குகள். உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் செல்லாது. நடுவில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் சட்டத்தின் முன் செல்லாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களும் மனுச் செய்யலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி கணக்கு. இது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, ஆனால் கணக்கின் அடிப்படை மாறவில்லை. நிரந்தர முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். உயிரிழப்பு என்றால் 50 சதவீதம். 30 வயதுக்குக் காரணி 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. 2020 ஜனவரி 3 முதல் பழைய சட்டத்தில் இந்தக் கணக்குக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொண்டார்கள். ஓர் உறுப்பு மட்டும் போனால் அட்டவணையில் அதற்கென்று சதவீதம் உண்டு: கட்டைவிரல் 30, முழுச் சுட்டுவிரல் 14, முழு நடுவிரல் 12.

என் கணவருக்கு அப்போது 40 வயது, மாதச் சம்பளம் 12,000. அதில் 60 சதவீதம் 7,200. அதை 184.17-ஆல் பெருக்கினால் 13,26,024. அதில் 30 சதவீதம் 3,97,807 ரூபாய். 40,000 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இதற்கு மேல் வட்டியும் உண்டு: கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

கால் முறிந்து சில மாதம் வேலைக்குப் போக முடியாமல், பிறகு குணமாகிறவர்களுக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும். இது 5 ஆண்டுகள் வரை நீளலாம். எங்கள் பக்கம் இதை யாருமே கேட்பதில்லை. கேளுங்கள்.

சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிடித்தால் உங்கள் வழி ஈ.எஸ்.ஐ. அலுவலகம். அங்கே வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், இழப்பீட்டு மனுவை எந்த ஆணையரிடம் தாக்கல் செய்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த இடத்திலும் கொடுக்கலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். வெளியூரில் அடிபட்டுத் திரும்பியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தாமதமானால் தக்க காரணத்தை எழுதிக் கொடுங்கள், ஏற்க இடமிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்று நின்றுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். பெண்கள் மனுச் செய்தால் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தொலைபேசி எண் 15100. வரும் தொகையில் பங்கு கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உயிர் போன வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். துக்க வீட்டில் உறவினர் ஒருவர் கையில் திணித்துவிட்டு “தீர்த்துவிட்டோம்” என்று சொன்னால் அது இழப்பீடு ஆகாது.

படகுத் தொழிலாளர் விஷயம் சிக்கலானது. விசைப்படகில் போகிறவர்களுக்குப் பங்குதான் கூலி. அடிபட்டதும் “அவர் தொழிலாளி இல்லை, பங்காளி” என்று படகு உரிமையாளர் சொல்வார். படகு யாருடையது, டீசலுக்கும் ஐஸுக்கும் பணம் போட்டது யார், எப்போது போக வேண்டும் என்று சொல்கிறவர் யார், பேட்டா யார் கொடுத்தது என்பதையெல்லாம் சாட்சியோடு எழுதிவைத்தால் வழக்கறிஞருக்கு வாதாடப் பிடி கிடைக்கும். மீன்வளத் துறை கொடுத்த டோக்கன் அன்றைக்கு அந்தப் படகு கடலுக்குப் போனதற்குச் சான்று. வலை இழுக்கும் விஞ்சு இயந்திரத்தில் கை சிக்கியதா, வடம் அறுந்து அடித்ததா என்பதைக் கரை சேர்ந்த அன்றே எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போது அடிபடுவதும் வேலையில் அடிபடுவதுதான்.

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். மீன்வளத் துறை அலுவலகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நல்லபடியாக இருக்கும்போதே பார்த்துவையுங்கள்.

விடியற்காலையில் வேனில் அடைத்து இறால் கம்பெனிக்குக் கூட்டிப்போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புதிய சட்டத் தொகுப்பில், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு தொடர்பு காட்டினால் இழப்பீடு உண்டு.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்தில் மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுக்கும் அக்காமாருக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை. கல்லும் சிப்பியும் கிழித்த கையோடு அவர்கள் யாரிடம் போய் நிற்பது? அவர்களுக்காகத்தான் எனக்கு அதிகம் வருத்தம். அவர்கள் மீனவர் நலவாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டிலும் சேர வேண்டும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமானாலோ 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று வீட்டில் படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூன் முதல் தேதியோடு புதிய காப்பீட்டு ஆண்டு தொடங்கிவிடும்.