வெளிநாட்டுப் பழைய டிராமை மீண்டும் தடத்தில் ஓட வைப்பது எப்படி?

வெளிநாட்டிலிருந்து பழைய டிராம் ஒன்றை வாங்கிப் பாரம்பரியத் தடத்தில் ஓட்ட விரும்புவோர், பெட்டியின் அழகில் மயங்குவதற்கு முன் கேஜை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை, அளந்து பார்க்க வேண்டும். 1995-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் எஃப் தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஓடும் 1928-ஆம் ஆண்டு வகை டிராம்கள் இத்தாலியின் மிலானிலிருந்து வந்தவை. மிலானின் கேஜ் 1,445 மி.மீ., சான் பிரான்சிஸ்கோவின் கேஜ் 1,435 மி.மீ. என்பதால், இவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சக்கரங்களில் செய்யும் வேலையைக் கொண்டே தீர்த்துவிடலாம். லிஸ்பனின் 900 மி.மீ. டிராம் என்றால் சக்கரங்களைத் தாங்கும் அடிப்பகுதியையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

அடுத்தது மேலே செல்லும் மின்கம்பி. எஃப் தடம் செல்லும் மார்க்கெட் தெருவில் டிராலி பஸ்களும், அதாவது மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் பஸ்களும், அதே கம்பியைப் பகிர்ந்துகொள்வதால், மிலானில் பாண்டோகிராஃபுடன் (கம்பியை அகலமாகத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மடிப்புச் சட்டம்) ஓடிய பெட்டிகள் இங்கு டிராலிக் கம்புடன் (நுனியால் கம்பியைத் தொடும் நீண்ட கம்பு) ஓடுகின்றன. மின்னழுத்தமும் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெரும் உழைப்பு தேவைப்படுவது மின்பகுதிக்குத்தான். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினால் உருளையை ஒட்டி வரிசையாக நிற்கும் செம்புத் தொடுமுனைகள் தெரியும். கருகியவற்றை அரம் கொண்டு சமன்படுத்தலாம். குழி விழுந்தவற்றை மாற்றியே ஆக வேண்டும். தீப்பொறித் தடுப்புத் தகடுகளில் கல்நாரும், பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனை முடியும்வரை எதையும் சுரண்டக் கூடாது. மோட்டாரின் வைண்டிங்கை (கம்பிச் சுருள்) மெக்கரால், அதாவது மின்காப்பை அளக்கும் கருவியால், சோதித்து, காப்பு தளர்ந்திருந்தால் தயங்காமல் மறுபடி சுற்றிவிட வேண்டும்.

பெட்டியின் உட்புறத்தில் மட்டும் அதிகம் கை வைக்காமல் இருப்பது நல்லது. மர இருக்கைகளையும், புகைபிடிக்கத் தடை என்னும் இத்தாலிய அறிவிப்பையும் அப்படியே விட்டுவைப்பதால் யாருக்கும் நட்டமில்லை. பிரேக்கிலும் கதவிலும் மட்டும் பழமைக்காகச் சமரசம் கூடாது. சக்கர நாற்காலியில் வருவோருக்காகப் பெட்டியை வெட்டுவதைவிட, எஃப் தடத்தில் செய்திருப்பதுபோல் நிறுத்தத்திலேயே சாய்தளத்துடன் உயர்ந்த மேடை அமைப்பது சிறந்தது.

பயணிகளை ஏற்றும் முன், மணல் மூட்டைகளைப் பாரமாக ஏற்றி, தடத்தின் மிகக் கூர்மையான வளைவிலும் செங்குத்தான சரிவிலும் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். உதிரிபாகங்களுக்கென்றே அதே வகையில் இன்னொரு பெட்டியையும், கிடைக்கும்போதே, சேர்த்து வாங்கிவிடுங்கள்.