‘வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்பது பதிலாகாது

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் வழக்கோடு வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: “சார், நான் எதையும் எழுதல. வந்ததை அப்படியே ஃபார்வர்ட் பண்ணேன்.”

மற்ற தவறுகளைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். நம் பக்கத்திலேயே இதனால் உயிர் போயிருக்கிறது. 2018 மே மாதம், போளூர் அருகே அத்திமூருக்குக் குலதெய்வக் கோயில் தேடி ஒரு குடும்பம் சென்னையிலிருந்து காரில் வந்தது. அதில் இருந்த 65 வயது அம்மா, அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று ஆடியோவும் வீடியோவும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அந்த ஆடியோவை அனுப்பியவர்களில் பலர், நம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

பீதி கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்பினால், பி.என்.எஸ். (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 353-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு பகிர்ந்திருந்தால் விலக்கு உண்டு. ஆனால் யாருடைய குரல் என்றே தெரியாத ஆடியோவை நம்ப என்ன காரணம் காட்டுவீர்கள்?

‘டெலிட் பண்ணிட்டேனே’ என்பதும் காப்பாற்றாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-இல் பேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024-இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டால் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைத்தான் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். போனது அந்த ஒரு பிரிவுதான், அவதூறுச் சட்டம் அப்படியே இருக்கிறது. சீட்டுப் பணம் தராதவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து ‘ஃபிராடு, உஷார்’ என்று எழுதிவிட்டு, வக்கீல் நோட்டீஸோடு வந்தார் காட்பாடி அக்கா ஒருவர். அவருக்கு வர வேண்டிய பணம் உண்மைதான். ஆனால் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு உரிமையியல் வழக்கு போட்டிருக்கலாம்.

அப்புறம், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் படத்தைப் போட்டு நியாயம் கேட்பது. நல்ல மனதோடு செய்தாலும் அது குற்றம். பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டம். அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

குழுவில் ஒருவர் போட்டதற்காக, அட்மின் என்பதால் மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. சரி, ஆனால் அந்த தைரியத்தில் குழந்தையின் படத்தைக் குழுவில் விட்டுவைக்காதீர்கள். எல்லோருக்கும் சேர்த்து நீக்கும் வசதி அட்மினிடம் இருக்கிறது.