கட்டைகளைப் பிளந்தவர் சொன்ன வார்த்தை: விசுவாசத்திலும் ஆயத்தத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் எல்லார் கண்ணும் வானத்தின் மேல்தான். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் அந்த நாட்களில் எங்கள் சபையில் நான் அதிகம் கேட்பது, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதைத்தான். நானும் அதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் மேற்கொண்டு பேசவிடாமல் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக அது மாறும்போது மனம் பதறுகிறது.

ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கிடம், பலிக்கான ஆட்டுக்குட்டியைத் தேவன் "பார்த்துக்கொள்வார்" என்கிறார். அதற்கு முன்பு அவர் என்னென்ன செய்தார் என்று பாருங்கள். அதிகாலையில் எழுந்தார். கழுதைக்குச் சேணம் கட்டினார். கட்டைகளைப் பிளந்தார். நெருப்பையும் கத்தியையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். தன்னால் ஆகிற எதையும் அவர் மீதம் வைக்கவில்லை.

கட்டையைப் பிளக்காமலே அந்த வார்த்தையைச் சொல்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. 2015 நவம்பர் நடுவிலேயே ஜாபர்கான்பேட்டைத் தெருக்களில் ஒருமுறை தண்ணீர் நின்றது. அங்கே கீழ்த்தளத்தில் குடியிருந்த எங்கள் ஜெபக்குழு அக்காவிடம், சான்றிதழ்களையாவது மேலே எடுத்து வையுங்கள் என்றேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி" என்றார். டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து அடையாறு கரைமீறியது. குடும்பம் முழுவதும் மாடிக்கு ஏறித் தப்பியது. அதற்காக இன்றும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். தண்ணீர் வடிந்தபின் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தோம். ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். மூத்த மகளின் மதிப்பெண் பட்டியலில் முத்திரையின் ஊதா மை பரவி, அவள் பெயரை மறைத்திருந்தது. நகல் வாங்க அந்தப் பெண் மாதக்கணக்கில் அலைந்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையும் பரணில் ஒரு சாண் இடமும் போதுமாயிருந்தன.

மழை எச்சரிக்கை வந்ததும், வெள்ளத்தில் மூழ்காதபடி வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு வருகிறவர்களில் ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று யார் தீர்ப்புச் சொல்ல முடியும்? எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்தார்கள்; அப்போது நெகேமியா செய்தவை இரண்டு. ஜெபம்பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும், அதாவது காவலரையும் வைத்தார். இரண்டும் ஒரே வசனத்தில், நெகேமியா 4:9-இல் இருக்கின்றன.

அடுத்தது, எனக்கு அதிக வேதனை தருவது: ஜெபித்தாயிற்று என்று மருந்தை நிறுத்துவது. பெரம்பூரில் இருந்த என் பெரியம்மா ஒரு குணமாக்கும் கூட்டத்திலிருந்து வந்த அன்றே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் கால் விரலில் புண் வந்தது. யாரிடமும் சொல்லாமல், சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. தேவன் குணமாக்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கியபின் சொன்னதைக் கவனியுங்கள்: "நீ போய், ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி." அந்தக் காலத்தில் தோலைச் சோதித்து, சுத்தமாயிற்று என்று சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. இயேசு செய்த அற்புதமே பரிசோதனைக்குப் போயிற்று என்றால், நம் சர்க்கரை ஏன் போகக்கூடாது? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உண்மையாகவே குறைந்திருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். நாமாக நிறுத்தவே கூடாது.

வேலூருக்குச் சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், அங்கே சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்கிறேன். பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டு கலங்கிய அந்த மிஷனரி மகள் ஜெபித்தார்; பிறகு அமெரிக்காவுக்குப் போய் 1899-இல் மருத்துவராகிப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த, தேவனுடைய வாக்குறுதி வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடன் வாங்குவது இன்னொரு தவறு. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-இல் கேட்டவர் இயேசுதான். மாதத் தவணை வருமானத்துக்குள் அடங்காவிட்டால், வசனத்தைக் காட்டித் தவணையைக் கட்ட முடியாது. "கவலைப்படாதிருங்கள்" என்றுதான் அவர் சொன்னார். கணக்குப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: தேவனை மறந்து ஆயத்தத்தையே நம்புவது. இயேசு சொன்ன உவமையில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டவனை தேவன் "மதிகேடனே" என்றார். யூதாவை ஆண்ட ஆசா ராஜா தன் வியாதியிலும் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே, அதாவது வைத்தியர்களையே தேடினான். 2015-க்குப் பிறகு ஒவ்வொரு கருமேகத்துக்கும் தூக்கம் இழந்து, இரவெல்லாம் கைப்பேசியில் ஏரி நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கும் இருந்தன. பரணில் எல்லாம் பத்திரமாக இருந்தது. முழங்கால்படியிட்டுத்தான் பல நாட்கள் ஆகியிருந்தன.

கடைசியாக ஒன்று. ஆயத்தம் செய்ய வசதியில்லாதவரிடம், நீங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்வது. பசித்தவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்வதால் பயன் என்ன என்று யாக்கோபு கேட்டது நம்மைத்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். எங்கள் சபையில் பலருக்கு இது தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியவில்லை. அதனால் மழைக்கு முந்தைய ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் வாசலருகே ஒரு மேசை போட்டு, வாலிபர் இருவரை உட்கார வைக்கிறோம். பக்கத்தில் ஒரு கட்டு பிளாஸ்டிக் உறைகளும் இருக்கும். முதல் வருடம் அந்த மேசைக்கு முதல் ஆளாக வந்தவர் ஜாபர்கான்பேட்டை அக்கா.