புல்லுக்குள் படுத்திருக்கும் நாலாவது ஆள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சின்ன றோட்டில் எனக்குப் போன் திருத்தும் கடை. வாசலில் ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்கென்று போட்டதுதான், ஆனால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அது போனில் பப்ஜி என்ற சுடும் கேம் ஆடுகிற பெடியளின் வாங்கு. ரியூசன் முடிந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, நாலு பேர் வரிசையாகக் குந்தி விடுவார்கள். நான் உள்ளே டிஸ்பிளே மாற்றிக்கொண்டே காதைக் கொடுத்திருப்பேன். 2019இல் நான் விட்ட அதே பிழைகளை அதே ஒழுங்கில் விடுகிறார்கள். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் கையிலிருப்பதை வைத்துவிட்டு எழும்பிப் போய் ஏச வேண்டும் போலிருக்கும்.

சார்ஜ் இல்லாமல் மட்ச் தொடங்குவது, டேட்டா முடியப்போகிற நேரம் உள்ளே போவது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. இரண்டு தரம் பட்டால் தானாக விளங்கும். பக்கத்தில் விளையாடுகிறவன் வாய்விட்டுச் சொன்னால்தான் விளங்கும் பிழைகளும் இருக்கின்றன. பெரும்பாலும் அவன் சொல்ல மாட்டான். அடுத்த மட்ச்சுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவான்.

தனியாகக் குதிப்பது

விமானத்தில் இருக்கும்போதே கூட்டாளி ஒருவனுக்கு ஃபொலோ கொடுங்கள், அவனோடு சேர்ந்தே இறங்குவீர்கள். அவ்வளவுதான்.

கண்டதையெல்லாம் அள்ளுவது

எம்416 துவக்குக்கு 5.56 ரவை, ஏகேஎம் துவக்குக்கு 7.62. உங்கள் கையில் எம்416 மட்டும் இருக்கிறதென்றால் 7.62 ரவை உங்களுக்குப் பாரம், பக்கத்தில் ஏகேஎம்மோடு நிற்கிறவனுக்கு உயிர். அது தெரியாமல் ஒருவர் இருநூறு ரவையைப் பையில் சுமந்துகொண்டு ஓடுவார், மற்றவர் முப்பது ரவையோடு நடுங்கிக்கொண்டு நிற்பார். கேட்டால் கொடுப்பார்கள்தான். ஆனால் சண்டை தொடங்கிய பிறகு கேட்க ஏது நேரம்?

தூரத்தில் நிற்கிறவனைப் பார்க்கும் எட்டு எக்ஸ் ஸ்கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கிட்ட நின்று சுடும் ஷொட்கன்னோடு திரிந்த ஒருவனை எனக்குத் தெரியும். எதற்கடா என்று கேட்டேன். “வடிவாக இருக்கு அண்ணை” என்றான்.

ஓசியில் றாங்க் ஏறுவது

இதைக் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டும்.

பப்ஜியில் றாங்க் புள்ளி ஆளைச் சுட்டதற்கு மட்டும் வருவதில்லை. எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தீர்கள், அணி எத்தனையாவது இடத்தில் முடித்தது என்பதும் கணக்கில் சேரும். நூறு பேர் இறங்கும் மட்ச்சில் நாலு நாலு பேராக இருபத்தைந்து ஸ்குவாட். அதில் மூன்று பேர் கெட்டிக்காரராக இருந்தால், நாலாவது ஆள் ஒரு வேட்டுக்கூடத் தீர்க்காமல் பிளஸ் வாங்கிக்கொண்டு போகலாம். இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. எனக்கு ஒரு கிழமைதான் எடுத்தது.

அப்போது எங்கள் ஸ்குவாட்டில் மல்லாவியில் ஒருவன், புதுக்குடியிருப்பில் ஒருவன், பாரிஸில் என் மச்சான், நான். எங்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் பனிக்காலத்தில் பாரிஸில் பின்னேரம் நாலரை. மச்சான் வேலைக்குப் போகும் முன் வந்து இரண்டு மட்ச் ஆடிவிட்டுப் போவான். மூன்று பேரும் நன்றாகச் சுடுவார்கள். எனக்குக் கை நடுங்கும். அதனால் நான் ஒரு வழி பிடித்தேன். இறங்கியதும் ஓரத்திலுள்ள வீடொன்றின் குளியலறைக்குள் போய்ப் படுப்பது. வெளியே சத்தம் கேட்டால் மைக்கில், “நான் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்” என்பது. பின்னுக்கு ஒரு குருவியும் இருக்காது. அடித் தட்டான பிரொன்ஸில் தொடங்கி, பிளாட்டினம் தாண்டி, ஒரே சீசனில் டயமண்டுக்கு வந்துவிட்டேன். முகநூலில் படம்கூடப் போட்டேன்.

அப்புறம் ஒருநாள் எரங்கல் மப்பில், சுருங்கிச் சுருங்கி வந்த ஸோனின் கடைசி வட்டம். மல்லாவிக்காரன் முன்னமே செத்துவிட்டான். மற்ற இரண்டு பேரும் ஒரு மதிலுக்கு முன்னால் அடிபட்டு விழுந்து கிடக்கிறார்கள். என்னிலிருந்து இருபது மீற்றர்கூட இருக்காது. நான் புல்லுக்குள். “ஸ்மோக் இருந்தா போடடா” என்று மச்சான் கத்துகிறான். நான் பையைத் திறந்தேன். இரண்டு ஸ்மோக், புகைக்குண்டு, இருந்தது. பையை மூடினேன். “என்னட்ட இல்லையடா” என்றேன். மிச்சமிருந்த இரண்டு ஸ்குவாட்டும் தங்களுக்குள் அடிபட்டால் எனக்கு இரண்டாம் இடம் வரும் என்பது என் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. இரண்டாம் இடம் வந்தது. பிளஸ் வந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். செத்தவன் சும்மா இருப்பதில்லை, உயிரோடு இருக்கிறவனின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பையைத் திறந்ததையும், ஸ்மோக் இரண்டையும், பையை மூடியதையும் மல்லாவிக்காரன் தன் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த நாள் மூவரும் ஒன்லைனில் பச்சையாக நின்றார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சரி, தனியாக ஆடலாம் என்று தெரியாத ஆட்களோடு போனேன். அங்கேதான் டயமண்டின் விலை தெரிந்தது. கீழ்த் தட்டுகளில் எதிரே நிற்பதில் நிறைய பொட், கேமே ஆட்டுகிற பொம்மை. பார்த்துச் சுட்டால் விழும். மேலே வர வர எதிராளி உண்மையான ஆள். நான் எந்தப் படியையும் என் காலால் ஏறாதவன். இறங்கி மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒளிந்தால் தேடி வந்து சுட்டார்கள். வந்த புள்ளியெல்லாம் வந்த வழியே போனது.

மாசி மாதம் காலபோக அறுவடை முடிந்து மல்லாவிக்காரன் கடைக்கு ஒரு போனோடு வந்தான். சார்ஜ் குத்துமிடம் பழுது. திருத்திக்கொண்டே நான் மெதுவாகக் கதையை எடுத்தேன். “உனக்குச் சுடத் தெரியாது எண்டு எங்களுக்கு முதலே தெரியும் மச்சான். அதுக்கு ஒருத்தரும் கோவிக்கேல்லை” என்றான். மேலே ஒன்றும் சொல்லவில்லை. திருத்தின காசைக் கணக்காகக் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் சுட்டது. எப்போதும் கடன் சொல்கிறவன் அவன்.

வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானத்துக்குப் போனவர்களுக்கு இந்த நாலாவது ஆளை நன்றாகத் தெரியும். பணிஸும் தேத்தண்ணியும் வருகிற நேரம் பார்த்துத்தான் மண்வெட்டியோடு வருவார். படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிற்பார். ஊரில் அவரை எல்லோரும் காண்கிறார்கள், பகிடி பண்ணுகிறார்கள், அதோடு சரி. கேமில் ஒருவரும் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு செய்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல். போன கிழமை வாங்கில் இருந்த ஒரு பெடியன் அப்படியே செய்தான். கூட்டாளிகள் மூன்று பேரும் பக்கத்தில் தோளோடு தோள் இருக்கிறார்கள், இவன் போனைச் சற்றுத் திருப்பி மறைத்துக்கொண்டு புல்லுக்குள் படுத்திருக்கிறான். வெளியே வந்து கேட்டேன். “உயிரோட இருந்தாத்தானே அண்ணை பிளஸ்” என்றான். 2019இல் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

சுடத் தெரியாவிட்டால் என்ன செய்வது? நிறைய இருக்கிறது. வாகனம் ஓட்டுங்கள். ஸோன் சுருங்கும்போது நாலு பேரையும் உயிரோடு உள்ளே கொண்டு சேர்ப்பதே பெரிய வேலை. மருந்தை மிச்சம் பிடித்து வைத்துக் கொடுங்கள். முக்கியமாக, கண்ணைத் திறந்து வைத்துச் சொல்லுங்கள். “அங்க, அங்க நிக்கிறான்” என்று கத்துவதில் பயனில்லை. உங்கள் ‘அங்க’ மற்றவனுக்கு எங்கே? திரையின் மேலே திசைகாட்டி ஓடுகிறது, 270 என்றால் மேற்கு. “270, இரண்டு மாடி வீடு, மேல் ஜன்னல்” என்றால் மூன்று பேரும் ஒரேயடியாகத் திரும்புவார்கள். சுடத் தெரியாத ஒருவன் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாலே ஸ்குவாட் அவனை விடாது.

உங்கள் ஸ்குவாட்டில் ஒருவன் இப்படி இருந்தால், நாலு பேர் முன்னால் கேலி பண்ணாமல் ஒருமுறை தனியாகச் சொல்லிப் பாருங்கள். என்னிடம் மல்லாவிக்காரன் அன்றே ஏசியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். சொல்லியும் படுத்திருந்தால் கூப்பிடாதீர்கள்.

விழுந்தவனிடம் ஓடுவது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, ஆள் விழுந்த உடனே பாய்ந்து போய் நிற்கவும் கூடாது. தூக்கிவிடப் பத்து விநாடி எடுக்கும். அந்தப் பத்து விநாடியும் நீங்கள் குந்திய சிலை. அவனை அடித்தவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான். முதலில் எங்கிருந்து சுட்டான் என்று பாருங்கள். ஸ்மோக்கை விழுந்தவனின் தலையில் போடாமல், அவனுக்கும் சுட்டவனுக்கும் இடையில் போடுங்கள். புகை விரிய நாலைந்து விநாடி விடுங்கள். விழுந்தவனும் கத்திக்கொண்டு கிடக்காமல் மதிலுக்குப் பின்னால் ஊர்ந்து வரலாம், இரத்தம் குறைந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஊர முடியும். எழும்பியவனுக்கு உயிர் நூலளவுதான் இருக்கும், மருந்து போட விடுங்கள். “வாடா றஷ்” என்று இழுக்காதீர்கள்.

வாங்கில் ஏச்சு வாங்கிய பெடியன் அடுத்த மட்ச்சில் ஸ்மோக் போட்டான். அது அவன் காலடியிலேயே விழுந்தது. மற்ற மூன்று பேரும் சிரித்துச் சிரித்தே செத்தார்கள்.

சத்தம்

ஒருநாள் ஓர் ஆச்சி றீலோட் போட வந்தா. வாங்கில் பெடியள் ஸ்பீக்கரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேட்டுச்சத்தம் கேட்டதும் காசை நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. ஹெட்செட் போடுங்கள். இந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கரண்ட் போனால்

கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். அது உங்கள் குற்றமில்லை, ஓசியும் இல்லை. வானம் இருண்டிருந்தால் முதலே சொல்லிவிட்டு ஆடுங்கள். சிக்னல் வந்ததும் திரும்பக் கேமைத் திறந்தால் அதே மட்ச்சுக்குள் போகலாம், போங்கள். “எப்படியும் செத்திருப்பேன்” என்று விட்டுவிட்டால், உங்கள் ஆள் நடு வெளியில் கம்பம் மாதிரி நிற்பான், அவனைக் காக்கவென்று இன்னொருவன் சாவான்.

கிளான் வோருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காணாமல் போவது

இது வேறு கேம், கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் ஆடுகிறவர்களுக்கு. கிளான் என்றால் கூட்டம், வோர் என்றால் இரண்டு கிளானுக்கிடையில் சண்டை. சாதாரண வோரில் ஆளுக்கு இரண்டு அடி, அதற்கு 24 மணித்தியாலம் இருக்கிறது. இரண்டையும் விட்டால் உங்கள் இடம் வெறும் ஓட்டை. எதிர்ப்பக்கத்தில் ஆறு ஸ்டார் எடுக்கக்கூடிய இரண்டு அடி அப்படியே போய்விடும். எங்கள் கிளானில் பாதிப் பேர் ரொறன்ரோவில். கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், பனிக்காலத்தில் பத்தரை. “இரவு அடிக்கிறேன்” என்பார்கள். யாருடைய இரவு? வோர் எங்கள் நேரப்படி எத்தனை மணிக்கு முடிகிறது என்று எண்ணிலே எழுதிவிடுங்கள். விதைப்பு, சோதனை, கலியாணவீடு என்று சோலி இருந்தால் வோர் விருப்பத்தைச் சிவப்பில் போட்டு வையுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தோற்றதும் தூசணம்

என் வாசலில் என்றால் வாங்கை உள்ளே எடுத்துவிடுவேன்.